இரண்டாம் ஆட்டம்: வகுப்பறைச் சந்தையும் நாகூர்க் கரையும்

நாகூரில் பொழுது விடிந்து பொழுது சாய்வதற்குள் ஒரு மாணவர் நான்கு விதமான விலைகளைச் சந்தித்துவிடலாம். பட்டினச்சேரி மீனவர் கரையில் படகு வந்து சேர்ந்ததும் மீன் ஏலம் போகிறது. கேட்கிறவர் தொகையை எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். தர்காவின் அலங்கார வாசலை ஒட்டிய கடைத்தெருவில் கடைக்காரர் ஒன்று சொல்கிறார், யாத்திரைக்கு வந்தவர் பாதியில் தொடங்குகிறார், நடுவில் எங்கோ பேரம் படிகிறது. ஊரைத் தாண்டி மேற்கே வயல் பக்கம் போனால் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அங்கே விலை டெல்லியிலும் சென்னையிலும் முடிவாகி வருகிறது. 2025–26 பருவத்தில் குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். பேச்சு விலைக்கு இடமில்லை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நான்காவது விலையை யாரும் பலகையில் எழுதிப்போடுவதில்லை. முன்பணம் வாங்கியவருக்கு மட்டும் சொல்லப்படும் விலை அது.

பள்ளிப் புத்தகத்தில் முதலாளித்துவம் என்பது ஒரு வரையறை. உற்பத்திச் சாதனங்கள் தனியார் கையில், லாப நோக்கம், சந்தையில் தீர்மானமாகும் விலை என்று மூன்று வரி. மாணவர் அதை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிடுவார். இதை அனுபவமாக மாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில் உலகின் பல நாடுகளில் ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே ஒரு சந்தையை நடத்துகிறார்கள். அதன் எளிய வடிவம் இது: ஆளுக்கு ஒரு சிறு பொருள் கொடுக்கப்படும், பென்சிலோ மிட்டாயோ சாவிக்கொத்தோ. தன் கையில் இருப்பதற்கு ஒவ்வொருவரும் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். முதலில் பக்கத்து பெஞ்சோடு மட்டும் மாற்றிக்கொள்ளலாம், பிறகு வகுப்பு முழுவதோடும். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் மதிப்பெண்களைக் கூட்டினால் தொகை ஏறியிருக்கும். புதிதாக எதுவும் உற்பத்தியாகவில்லை. இருந்தும் எல்லாருக்கும் முன்பைவிடத் திருப்தி. பண்டமாற்றில் இரு தரப்புக்கும் ஆதாயம் உண்டு என்று ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார், மணி அடிக்கும்.

எழுதியது சரிதான். ஆனால் அந்த நாற்பது நிமிடத்தில் மாணவர் கற்றது சந்தையைப் பற்றி. முதலாளித்துவம் இன்னும் வகுப்புக்குள் வரவே இல்லை. இரண்டும் ஒன்றென்று நம்பிக்கொண்டு பிள்ளைகள் வெளியேறுவதுதான் இந்தப் பயிற்சியின் பெரிய குறை என்பது என் கருத்து. அந்தக் குறையைத் தீர்க்கத் தேவையானவை நாகூரிலும் அதைச் சுற்றியுள்ள நெல் நாட்டிலும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

வகுப்பறைச் சந்தைக்கு ஒரு தீவிரமான ஆய்வு வரலாறு உண்டு. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் எட்வர்டு சேம்பர்லின் தன் மாணவர்களிடம் சீட்டுகளைக் கொடுத்தார். சிலர் வாங்குபவர்கள், சிலர் விற்பவர்கள். வாங்குபவரின் சீட்டில் அவர் தரக்கூடிய அதிகபட்ச விலை இருக்கும், விற்பவரின் சீட்டில் அவருக்குக் கட்டுப்படியாகும் குறைந்தபட்ச விலை. அறைக்குள் நடமாடி, இரண்டிரண்டு பேராகப் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். 1948இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இப்படி 46 சோதனைகளின் கணக்கு இருக்கிறது. அவற்றில் 42இல், பாடநூல் கோட்பாடு சொல்லும் அளவைவிட அதிகமான பேரங்கள் நடந்திருந்தன. மீதி நான்கில் கோட்பாட்டு அளவே வந்தது.

அதிக வியாபாரம் நடந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விற்பவர்கள் ஐந்து பேர், அவர்களின் அடக்கவிலை 10, 20, 30, 40, 50 ரூபாய். வாங்குபவர்கள் ஐந்து பேர், அவர்கள் தரத் தயாராக உள்ள உச்ச விலை 60, 50, 40, 30, 20. தனித்தனியாகப் பேசும்போது 60 தரக்கூடியவர் 50 அடக்கமுள்ளவரிடம் மாட்டிக்கொள்கிறார், 50 தரக்கூடியவர் 40 அடக்கமுள்ளவரிடம், இப்படியே கீழே 20 வரைக்கும். ஐந்து பேரமும் முடிந்துவிடுகிறது. ஒவ்வொன்றிலும் மிச்சம் 10 ரூபாய், மொத்தம் 50. அதே பத்துப் பேர் ஒரே இடத்தில் நின்று எல்லார் காதிலும் விழ விலை கூவினால், விலை 30க்கும் 40க்கும் நடுவில் வந்து நிற்கும். மூன்று பேரம்தான் நடக்கும், ஆனால் மிச்சம் 90 ரூபாய். அடக்கம் கூடியவர்களும் குறைவாகத் தரக்கூடியவர்களும் வெளியே நிற்பார்கள். பேரத்தின் எண்ணிக்கை குறைந்தும் ஆதாயம் கூடியிருக்கிறது.

இந்த வேறுபாட்டைப் பிடித்தவர் வெர்னன் ஸ்மித். சேம்பர்லினின் சோதனையில் ஒரு மாணவராகப் பங்கெடுத்தவர் அவர். 1956இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது அதே விளையாட்டை இரண்டு மாற்றங்களோடு நடத்தினார். விலையை எல்லாரும் கேட்கும்படி கூவ வேண்டும், ஒரே சந்தையை நாள் நாளாகத் திரும்பத் திரும்ப நடத்த வேண்டும். சில சுற்றுகளிலேயே விலை கோட்பாடு சொன்ன இடத்துக்கு நெருங்கி வந்தது. யாருக்கும் மற்றவர் சீட்டு தெரியாது, யாரும் கணக்குப் போடவில்லை, ஆனாலும் வந்தது. 1962இல் கட்டுரையாக வெளியான இந்த வேலைதான் சோதனைப் பொருளியல் என்ற துறைக்கு அடித்தளம். டேனியல் கானமனோடு 2002ஆம் ஆண்டின் நோபல் பரிசை அவர் பகிர்ந்துகொண்டார்.

நம் ஊர்களில் இந்த இரண்டு சந்தைகளும் வெகுகாலமாக அருகருகே இருக்கின்றன. மணப்பாறை, பொள்ளாச்சி மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டால் கையை மூடி, விரலைப் பிடித்து விலை பேசுவது சேம்பர்லினின் அறை. இரண்டு கைகளுக்கு நடுவே முடிந்த விலை மூன்றாம் ஆளுக்குத் தெரியாது. பட்டினச்சேரிக் கரையின் ஏலம் ஸ்மித்தின் அறை. ஏலம் கூவுபவரின் குரல்தான் அங்கே கரும்பலகை. மீன் காத்திருக்காது என்பதால் விலை சீக்கிரம் தெரிந்தாக வேண்டும். விலை தெரிவதன் பலனைச் சிறிதாக எண்ணக் கூடாது. வடகேரளக் கடற்கரையில் கைப்பேசி வந்த 1997–2001 காலத்தை ஆராய்ந்த ராபர்ட் ஜென்சன், எந்தத் துறையில் என்ன விலை என்று படகிலிருந்தே கேட்க முடிந்ததும் மத்தி மீன் வீணாவது ஏறத்தாழ நின்றுபோனதையும், மீனவரின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியதையும், வாங்குபவரின் விலை 4 சதவீதம் குறைந்ததையும் 2007இல் எழுதினார். சந்தை நன்றாக வேலை செய்யும்போது இரு தரப்பும் பிழைக்கிறது. மாணவர்கள் இதை அறிந்தே ஆக வேண்டும்.

இனி ஸ்மித்தின் சோதனையில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் ஆட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் அதே சீட்டு மறுபடி கிடைக்கிறது. நேற்று நல்ல விலைக்கு விற்றவர் இன்று பெரிய வியாபாரியாக வருவதில்லை. நேற்று விற்க முடியாமல் நின்றவர் இன்று கடனாளியாக வருவதில்லை. விலை எப்படி உருவாகிறது என்று அறிய இப்படிச் செய்வது அவசியம். அறிவியல் சோதனை என்ற முறையில் அது குற்றமே இல்லை. ஆனால் பட்டினச்சேரியில் யாருக்கும் தினமும் காலையில் புதுச் சீட்டு கிடைப்பதில்லை. நேற்றின் மிச்சமும் நேற்றின் கடனும்தான் இன்றைய சீட்டு.

தமிழ்ச் சொல் இதை நேராகவே சொல்கிறது. முதல் வைத்திருப்பவர் முதலாளி. முதல் என்பது ஆட்டத்துக்கு முன்பே கையில் இருப்பது. காவிரிக் கழனிகளில் அறுவடை முடிந்து களத்தில் அளந்த நெல்லைக் ‘கண்டுமுதல்’ என்பார்கள். ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டுமுதல் என்றுதான் விசாரிப்பார்கள். அந்தக் கண்டுமுதலில் விதைக்கும் கடனுக்கும் கூலிக்கும் குத்தகைக்கும் போக எஞ்சுவது அடுத்த போகத்துக்கு முதலாகுமா ஆகாதா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் வரலாறு இருக்கிறது. முதலாளித்துவத்தைக் கற்பிக்க விரும்பும் ஆட்டம், ஒரு சுற்றின் எச்சத்தை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோயாக வேண்டும்.

அப்படி ஓர் ஆட்டம் நம்மிடம் இருக்கிறது. பல்லாங்குழி. பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள், குழிக்கு ஐந்து என எழுபது காய்கள். எண்ணிக்கையும் விதியும் ஊருக்கு ஊர் சற்று மாறும். புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி எது கிடைத்தாலும் ஆடலாம். முதல் ஆட்டம் தொடங்கும்போது இருவருக்கும் சரிசமமாக முப்பத்தைந்து. எடுத்துப் பரப்பிக்கொண்டே போய், வெறும் குழி வந்தால் அதற்கடுத்த குழியில் உள்ளதை அள்ளிக்கொள்ளலாம். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்வார். முதல் ஆட்டத்தின் முடிவில் ஒருவரிடம் 45, மற்றவரிடம் 25 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் ஆட்டத்தில் 45 வைத்திருப்பவர் ஏழு குழியையும் நிரப்பிவிட்டுப் பத்துக் காயைக் கையில் வைத்திருக்கிறார். 25 வைத்திருப்பவரால் ஐந்து குழியைத்தான் நிரப்ப முடிகிறது. நிரம்பாத இரண்டு குழிகளும் பல ஊர்களில் ஆட்டத்துக்கு வெளியே போய்விடும். மூன்றாம் ஆட்டத்தில் இன்னும் சில குழிகள் போகும். கடைசியில் ஒரு குழிக்குரிய காய் மட்டும் மிஞ்சிய நிலையில் அதைக் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடுவதைச் சில ஊர்களில் ‘கஞ்சி காய்ச்சுதல்’ என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவர்களுக்கு இந்த ஆட்டம் எதைப் பற்றியது என்று தெரிந்திருக்கிறது.

பல்லாங்குழியை வெறும் பெண்கள் பொழுதுபோக்காகப் பார்க்காமல் சமூக வரலாற்றுச் சான்றாகப் படித்தவர் தொ. பரமசிவன். சமமாகப் பங்கிட்டுத் தொடங்கி, ஒருவர் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு மற்றவர் வெறுங்கையோடு எழுந்திருக்கும் இந்த ஆட்டத்தில், தனிச்சொத்து உருவானதன் நிழல் விழுந்திருக்கிறது என்று அவர் கண்டார். வகுப்பறையில் சந்தை நடத்த நினைக்கும் தமிழ் ஆசிரியர் முதலில் படிக்க வேண்டியது அந்தக் கட்டுரையைத்தான் என்பேன். அமெரிக்காவில் இதே எண்ணத்தோடு எலிசபெத் மேகி என்ற பெண் ‘நிலக்கிழார் விளையாட்டு’ ஒன்றை உருவாக்கி 1904இல் காப்புரிமை பெற்றார். நிலவாடகை எப்படிச் சிலரிடம் குவிகிறது என்று காட்டுவதே அவர் நோக்கம். பிற்காலத்தில் அதிலிருந்து பிறந்த மோனோபொலி, குவிப்பவரைக் கொண்டாடும் விளையாட்டாக உலகெங்கும் விற்றது. நம் வீடுகளில் ‘பிசினஸ்’ என்று ஆடுவது அதன் பேரப்பிள்ளை. பல்லாங்குழிக்குக் காப்புரிமை வாங்க யாரும் இல்லாததால் அது அப்படியே மிஞ்சியது.

நாகூரிலிருந்து கப்பல் போன கரைகளிலெல்லாம் இதன் உறவினர் உண்டு. மலாய் நாட்டில் சொங்காக், மாலத்தீவில் ஒவல்ஹு, இலங்கையில் குன்றிமணியால் ஆடும் ஒலிந்த கெலிய. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்ற ஆராய்ச்சிக்குள் நான் போகவில்லை. கடலின் இரு கரையிலும் பிள்ளைகள் ஒரே பாடத்தை விரலால் எண்ணிக் கற்றிருக்கிறார்கள் என்பது போதும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பல்லாங்குழியில் திறமைசாலி ஜெயிக்கிறார், அதில் என்ன அநியாயம்? இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்கக் கூடாது. திறமையை முழுவதுமாக நீக்கிவிட்டு ஆடிப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பௌதிகவியலாளர் அனிர்பன் சக்ரபர்த்தி 2002இல் ஒரு மாதிரிச் சந்தையை ஆராய்ந்தார். எல்லாரும் சமமான பணத்தோடு தொடங்குகிறார்கள். சந்திக்கும் இருவரில் ஏழையானவரின் கையிருப்பில் ஒரு பகுதிதான் பந்தயம். நாணயம் சுண்டிப் பார்ப்பதுபோல யார் பக்கமும் சாயாத வாய்ப்பு. பல சுற்றுகளுக்குப் பின் ஏறக்குறைய எல்லாப் பணமும் ஒருவரிடம் போய்ச் சேர்கிறது. காரணத்தை எட்டாம் வகுப்புக் கணக்கிலேயே காட்டிவிடலாம். இருவரில் ஏழையானவரிடம் 100 ரூபாய், பந்தயம் ஐந்தில் ஒரு பங்கு. ஜெயித்தால் 120. அடுத்ததில் தோற்றால் 120இல் ஐந்தில் ஒரு பங்கு, 24 போய், மிச்சம் 96. இன்னொரு வெற்றி, இன்னொரு தோல்வி, 92 ரூபாய் 16 காசு. வெற்றியும் தோல்வியும் சரிபாதி, ஆனாலும் கை இளைக்கிறது. எதிரில் இருப்பவருக்கு அதே 24 ரூபாய் கையிருப்பில் ஒரு சிறு துளி. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. விதியில் அநீதி என்று சுட்டிக்காட்ட ஒரு வரிகூட இல்லை. நேற்றின் மிச்சம் இன்றைக்கு வருகிறது என்ற ஒரே விதி இத்தனையும் செய்துவிடுகிறது. உலகப் பொருளாதாரம் இவ்வளவு எளியதல்ல. உழைப்பு, கண்டுபிடிப்பு, வரி, கல்வி, அரசு எல்லாம் இதன் போக்கை மாற்றும். ஆனால் அவை எதை மாற்றுகின்றன என்று புரியவே மாணவர் முதலில் இதைக் கையால் ஆடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்கு நேரெதிரான சான்று ஒன்றையும் வகுப்பில் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரிடம் கைதியாக இருந்த பொருளியலாளர் ஆர். ஏ. ராட்ஃபோர்டு 1945இல் தன் முகாமின் பொருளாதாரத்தை எழுதினார். செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலம் அநேகமாக எல்லாருக்கும் ஒரே அளவு. சிகரெட்தான் பணம். அதற்குள் சந்தை தோன்றியது, விலை தோன்றியது, இடைத்தரகர் தோன்றினார். உருது தெரிந்த ஒருவர் சீக்கியக் கைதிகளிடம் இறைச்சியை வாங்கி, பதிலுக்கு வெண்ணெயும் ஜாமும் கொடுத்து ஆதாயம் பார்த்தார். சேதி பரவிப் பலரும் அந்த வியாபாரத்தில் இறங்கியதும் விலை மற்ற பகுதிகளின் விலைக்கு நெருங்கியது. ஆனால் அங்கே வயலும் ஆலையும் படகும் யாருக்கும் சொந்தமில்லை, கூலிக்கு உழைப்பவரைக் கொண்டு நடக்கும் உற்பத்தியும் இல்லை. அடுத்த பொட்டலம் மறுபடி சமமாக வந்தது. சந்தை முழுதாக இருந்தும் முதலாளித்துவம் இல்லாத இடம் அது.

அந்த உருது தெரிந்த கைதியை நாகூர்க்காரர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். இரு கரையின் மொழியும் தெரிந்திருப்பது ஒரு முதல். சோழமண்டலத் துணியையும் அரிசியையும் அச்சே, கெடா, பெகு கரைகளுக்குக் கொண்டுபோய்ப் பாக்கும் தகரமும் மிளகும் யானையும் கொண்டுவந்த, சூலியா எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்களின் பலத்தில் மொழிக்கும் உறவுக்கும் பெரிய பங்கு உண்டு. கெடா சுல்தான்களுக்கு அரச வணிகர்களாகவே அவர்களில் சிலர் இருந்தார்கள். பினாங்கின் சூலியா தெருவிலும் சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவிலும் உள்ள நாகூர் தர்கா நினைவிடங்கள் அந்தப் போக்குவரத்தின் தடயம். சிங்கப்பூரில் உள்ளது 1828–1830இல் எழுந்தது.

ஆனால் ஆட்டத்தின் விதியை எழுதும் உரிமை அவர்களிடம் இல்லை. டச்சுக் கம்பெனி 1658இல் நாகப்பட்டினத்தைப் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. 1690இல் தன் சோழமண்டலத் தலைமையகத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றிக்கொண்டது. கடலில் போகும் கப்பலுக்கு அவர்கள் அனுமதிச் சீட்டு வேண்டும், துறைமுகத்தில் அவர்கள் சுங்கம், லாபமான சரக்குகளில் அவர்களுக்கு ஏகபோகம். வணிகர்கள் என்ன செய்தார்கள்? சில கிலோமீட்டர் வடக்கே தஞ்சை அரசரின் ஆட்சியில் இருந்த நாகூரைத் தங்கள் துறையாக்கிக்கொண்டார்கள். தர்காவின் பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்தியும் வணிகமும் ஒரே துறையைத் தாங்கி நின்ற காலம் அது. விதியை மாற்ற முடியாதவர் ஆட்டக்களத்தை மாற்றினார். அடுத்த நூற்றாண்டில் அதற்கும் இடம் இல்லாமல் போனது. 1781இல் நாகப்பட்டினம் ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் நாகப்பட்டினத்திலும் நாகூரிலும் ஒரே கம்பெனியின் விதி.

இந்த அம்சத்தைக் காட்டவே கேரி ஷர்ட்ஸ் 1969இல் ‘ஸ்டார்பவர்’ என்ற வகுப்பறை ஆட்டத்தை வடிவமைத்தார். வில்லைகளை மாற்றிக்கொள்ளும் ஆட்டம். முன்னேறிய குழுவுக்கு ஒரு கட்டத்தில் விதிகளை எழுதும் உரிமை தரப்படும், அவர்கள் தங்களுக்குச் சாதகமாகவே எழுதுவார்கள். பிரிட்டனின் கிறிஸ்டியன் எய்ட் அமைப்பின் வணிக விளையாட்டு வேறு வழியில் போகிறது. ஒரு குழுவிடம் கத்தரியும் அளவுகோலும், இன்னொரு குழுவிடம் வெறும் காகிதம். காகிதத்தை வட்டமாகவும் முக்கோணமாகவும் வெட்டி வங்கியில் விற்க வேண்டும். கத்தரி இல்லாதவர் காகிதத்தைக் கொடுத்துக் கத்தரியை வாடகைக்குக் கேட்பார். இரண்டும் நல்ல ஆட்டங்கள். ஆனாலும் அவற்றில் இல்லாத ஒன்று நெல் நாட்டின் மையத்திலேயே இருக்கிறது. அது கூலி.

நாகூருக்குத் தென்மேற்கே கீழ்வெண்மணி இருக்கிறது. கூலி நெல்லில் அரைப் படி கூட்டிக் கேட்டதையும் செங்கொடிச் சங்கத்தில் சேர்ந்ததையும் முன்னிட்டு எழுந்த மோதலில், 1968 டிசம்பர் 25 இரவு, குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த தலித் விவசாயத் தொழிலாளர்களும் அவர்களின் குடும்பத்தினருமாக 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பண்ணையாள்களையும் குத்தகைதாரர்களையும் பாதுகாக்கத் தஞ்சை மாவட்டத்துக்கென்றே 1952இல் சட்டம் வந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு. சாதியும் நிலமும் கூலியும் ஒன்றாக முறுக்கேறிய இடத்தில் அரைப் படி நெல்லின் விலையை எந்தக் கூவலும் தீர்மானிக்கவில்லை. வகுப்பில் இதை ஆட்டமாக ஆடக் கூடாது. ஆடத் தகாதவையும் உண்டு. ஆனால் எல்லாப் பேரமும் சமமான இருவரின் பேரம் என்று மாணவர் நம்பிவிடாமலிருக்க, இந்த வரலாற்றை அவர்கள் கேட்டிருக்க வேண்டும்.

கூலியைப் போலவே கடனும். கரையில் ஏலம் எல்லார் காதிலும் விழத்தான் நடக்கிறது. ஆனால் வலைக்கோ எஞ்சினுக்கோ முன்பணம் தந்த வியாபாரிக்கே மீனைப் போட வேண்டிய படகுக்கு, பக்கத்துத் துறையின் விலை கைப்பேசியில் தெரிந்தும் பயனில்லை. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வீட்டுச் செலவு நிற்காது. நெல்லிலும் இதே கதைதான். அரசு விலை இருந்தும், வாங்கிய கடனுக்காகக் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிடும் சிறு விவசாயி கொள்முதல் நிலையத்து வரிசைக்கு வருவதே இல்லை. மத்தியப் பாடத்திட்டத்தின் முந்தைய ஏழாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்த ‘சந்தையில் ஒரு சட்டை’ என்ற பாடம் கர்னூல் பருத்தி விவசாயி ஸ்வப்னாவில் தொடங்கி ஈரோட்டுத் துணிச் சந்தை வழியே அமெரிக்கக் கடை வரை போகிறது. கடன் கொடுத்த வியாபாரிக்கே பருத்தியைக் குறைந்த விலைக்குக் கொடுக்க வேண்டிய நிலை அதில் தெளிவாக வருகிறது. நம் பிள்ளைகளுக்குக் கிடைத்த நல்ல பாடங்களில் ஒன்று. அதை வாசித்து முடித்ததும் ஆடிப் பார்க்கவும் வேண்டும்.

எப்படி ஆடலாம்? என் யோசனையைச் சொல்கிறேன். நான்கு பாடவேளை போதும். முதல் நாள் ஸ்மித்தின் சந்தை: மேலே சொன்ன பத்துச் சீட்டு, ஒருமுறை துண்டுக்கடியில், ஒருமுறை ஏலமாக. இரண்டு முறையும் மிச்சத்தை மாணவர்களே கூட்டட்டும். இரண்டாம் நாள் பல்லாங்குழி, தோற்றவர் குழியை மூடிக்கொண்டே போகும் விதியோடு, முடியும் வரை. மூன்றாம் நாள் கடன்: தோற்றவர் ஜெயித்தவரிடம் ஐந்து காய் வாங்கலாம், அடுத்த ஆட்டத்தில் ஏழாகத் திருப்ப வேண்டும், திருப்பும் வரை அவர் பிடிக்கும் பசுவில் பாதி கடன் கொடுத்தவருக்கு. நான்காம் நாள் விதி எழுதும் நாள். வகுப்பு முழுவதும் கூடிப் பேசி ஒரே ஒரு விதியை மாற்றலாம். வட்டிக்கு உச்சவரம்பு வைக்கலாம், ஆட்டத்துக்கு ஆட்டம் சிறு வரி வாங்கி வெறும் குழிகளை நிரப்பலாம், தோற்றவர்கள் சங்கமாகக் காய்களைச் சேர்த்து ஒரே பக்கமாக ஆடலாம், எதையும் மாற்றாமலும் விடலாம். எந்த விதி நல்லது என்று ஆசிரியர் சொல்லக் கூடாது. மாற்றிய விதியோடு ஆடி, என்ன ஆகிறது என்று எண்ணிப் பார்க்கட்டும்.

இரண்டு எச்சரிக்கைகள். நிஜப் பணமோ தின்பண்டமோ வைத்து ஆட வேண்டாம். பசியோடு வந்த பிள்ளைக்கு மிட்டாய் விளையாட்டுப் பொருளாக இருக்காது. அடுத்தது இன்னும் முக்கியம். கடன் என்ற சொல் சில வீடுகளில் இரவில் அழுகைச் சத்தமாகக் கேட்கும் சொல். யார் வீட்டுக் கதையையும் வகுப்பில் கேட்டு வாங்கக் கூடாது. காய்களின் கதையைப் பேசினால் போதும், மற்றதைப் பிள்ளைகள் தாங்களே சேர்த்துப் பார்த்துக்கொள்வார்கள்.

டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021இல் ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ திட்டத்தின்கீழ் மேல்நிலை மாணவர்களுக்குத் தலைக்கு 2,000 ரூபாய் வரை தொடக்க முதல் கொடுத்துத் தொழில் செய்யச் சொன்னார்கள். துணிச்சலான முயற்சி, எனக்கு மரியாதை உண்டு. ஆனால் முதல் சமமாகக் கையில் வந்து சேரும் வகுப்பில், முதல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி எழுவது கடினம். தொழில் தொடங்கக் கற்பதும் தொழில் நடக்கும் அமைப்பைப் புரிந்துகொள்வதும் வேறு வேறு கல்வி. முன்னதற்குத் திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பின்னதற்கு நம் ஆசிரியர்கள்தான் இருக்கிறார்கள்.

சமூக அறிவியல் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். பண்டமாற்றுப் பயிற்சியை முதல் சுற்றோடு முடித்துவிடாதீர்கள். மறுநாளும் ஆடுங்கள், முந்தைய நாளின் மிச்சத்தோடு. செலவு எதுவும் இல்லை. சாக்பீஸால் தரையில் பதினான்கு வட்டம் போட வேண்டும். எழுபது புளியங்கொட்டை எந்த வீட்டிலும் கிடைக்கும்.